பக்கவாத்தியம் இல்லாமல் பாடினால் என்ன குறை?

பல வருஷமாகப் பாட்டு கற்றுக்கொண்டு, இப்போதுதான் சின்ன மேடைகளில் பாட ஆரம்பித்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: “வீட்டில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடும்போது கற்பனை தாராளமாக வருகிறது. மேடையில் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தால் கவனம் சிதறுகிறது. படைப்பு என்பது ஒருவர் மனசுக்குள் நடக்கிற காரியம்தானே? அதில் இன்னொருவர் கலந்துகொள்வதால் என்ன லாபம்? பக்கவாத்தியம் என்பது வெறும் வழக்கம்தானா?”

நான் வயலின் வாசிக்கிறவன். தனிக் கச்சேரிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலான காலம் பாடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதிலேயே போயிருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைக்கிற பக்குவம் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசி வருவதில்லை. அதற்கு விடியற்காலையில் தம்புராவோடு தனியாகத்தான் உட்கார வேண்டும். ஒரு கீர்த்தனையை மனசில் ஊறப்போடுவதும் தனியாகச் செய்கிற வேலைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபாதியைப் பார்ப்போம். வீட்டில் தாராளமாக வருகிறது என்கிறீர்களே, வருவது என்ன என்று ஒருநாள் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். அதே கல்யாணி ராகத்தை ஒரு வாரம் பாடிப் பதிவு செய்யுங்கள். தொடங்கும் இடம், நிற்கும் ஸ்வரம், மேல் ஷட்ஜமத்துக்குப் போகிற வழி எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தொண்டை பழகின தடத்திலேயே ஓடும். தனியாகப் பாடும்போது யாரும் நம்மைத் தடுப்பதில்லை. அந்தச் சுகத்தைத்தான் கற்பனை பெருகுவதாக எடுத்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவரால் கிடைக்கிற பெரிய லாபம், அவர் நம்மை அந்தத் தடத்திலிருந்து நகர்த்துகிறார் என்பதுதான். உதவியாளர் என்று அவரை நினைத்தால் இது பிடிபடாது. அவர் உங்கள் பாட்டை மாற்றக்கூடியவர். அந்த உரிமை அவருக்கு இருக்கிற இடத்தில்தான் கூட்டுக்கு மதிப்பு.

இது எப்படி நடக்கிறது என்று ஆலாபனையில், அதாவது பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுகிற இடத்தில், பார்க்கலாம். பாடகர் காம்போதி ராகம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மகபதஸ’ என்று மேலே போகிறார். வயலின்காரர் ஒரு மயிரிழை பின்னால், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, அதே பிடியை, அந்த ஸ்வரக் கோர்வையை, தொடர்ந்து வருகிறார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது. காம்போதியில் என்னவெல்லாம் வரலாம் என்று தெரியும், இவர் எந்தப் பாணிக்காரர் என்று தெரியும், இன்று குரல் எப்படி இருக்கிறது என்பது தொடக்க உருப்படியான வர்ணத்திலேயே தெரிந்துவிடும். இவ்வளவை வைத்துக்கொண்டுதான் அவர் கூடவே வருகிறார்.

பாடகர் ஒரு சங்கதியை முடித்துப் பஞ்சம ஸ்வரத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். அந்த மூச்சு நேரம்தான் முக்கியம். வயலின் அங்கே மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். பஞ்சமத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கலாம். பாடின கடைசிப் பிடியைச் சன்னமாகத் திரும்பச் சொல்லலாம். இல்லை, அந்தப் பிடியின் வாலை இழுத்து அடுத்த ஸ்வரமான தைவதத்தில் கொண்டுபோய் உட்காரலாம். முதல் இரண்டும் பத்திரமானவை. மூன்றாவது ஒரு யோசனை. பாடகர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தான் போக நினைத்திருந்த இடத்தை விட்டுவிட்டுத் தைவதத்தை ஆதாரமாக வைத்து அடுத்த சுற்றை ஆரம்பித்தார் என்றால், அந்த ஆலாபனையின் போக்கே மாறிவிட்டது. சபையில் இருக்கிற பெரும்பாலானோருக்கு நடந்தது தெரியாது. அவர்கள் கேட்டதெல்லாம் ‘இன்றைக்குக் காம்போதி புதுசாக இருந்தது’ என்பதுதான். மேடையில் இருக்கிற இரண்டு பேருக்குத் தெரியும்.

அப்புறம் வயலினுக்குத் தனி முறை வருகிறது. பாடகர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதி என்பது சொல்லாமல் கடைப்பிடிக்கிற மரியாதை. அந்த நேரத்தில் அவர் பாடியதையே சுருக்கி வாசித்துவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நல்ல வயலின்காரர் அப்படிச் செய்வதில்லை. பாடகர் தொடாமல் விட்ட மூலை எது என்று கவனித்து வைத்திருப்பார். கீழ் ஸ்வரங்களான மந்தர ஸ்தாயியில் அவர் அதிகம் நிற்கவில்லையா, அங்கே போவார். பாடகர் தம்புராவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் கீழே இருந்து தெரியும். உண்மையில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அரை மணி கழித்து அதே ராகத்தில் நிரவல் செய்யும்போது, அதாவது பாட்டின் ஒரு வரியையே விதவிதமாக விரித்துப் பாடும்போது, அந்த மந்தர ஸ்தாயிப் பிடி அவர் குரலில் வரும். அந்தப் பிடி யாருடையது? என்னைக் கேட்டால், இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தது என்பேன். அதைத் தனியாக யாரும் உரிமை கொண்டாட முடியாது.

மிருதங்கத்தின் கதை இதைவிடச் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அதில் கணக்கு இருக்கிறது. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆக முப்பத்திரண்டு. பாட்டு சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடகர் ஸ்வரங்களின் பெயரைச் சொல்லி அந்தந்த நேரத்தில் கோர்க்கிற கல்பனாஸ்வரம் பாடிக்கொண்டே வருகிறார். நாலு அட்சரம் தாண்டி ஒரு மாத்திரை தள்ளி, திடீரென்று ஐந்து ஸ்வரம் கொண்ட ஒரு கட்டு விழுகிறது. மிருதங்கக்காரர் மனசில் உடனே ஓடுவது இது: பதினேழு மாத்திரை போய்விட்டது, மீதி பதினைந்து, இப்போது கேட்டது ஐந்து, அப்படியானால் இது மூன்று தடவை வரும், வந்தால் சரியாகச் சமத்தில் முடியும். முதல் ஐந்தைக் கேட்கிறார், இரண்டாவது ஐந்தில் ‘ததிகிணதொம்’ என்று மெதுவாகச் சேர்ந்துகொள்கிறார், மூன்றாவது ஐந்தை இரண்டு பேரும் ஒன்றாகப் போட்டுப் பாட்டின் முதல் சொல்லில் வந்து இறங்குகிறார்கள். சபை ஆஹா என்கிறது. ஒத்திகை பார்த்தது போலத் தோன்றும். பார்க்கவில்லை. இவ்வளவும் நடந்து முடிய நாலைந்து விநாடிகூட ஆகாது.

இதே விஷயம் தனியாகப் பாடும்போதும் நடக்கலாம், கணக்கு சரியாக வந்து விழும். ஆனால் பக்கத்தில் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்ததும் பாடுகிறவருக்கு ஒரு துணிச்சல் வரும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கஷ்டமான இடத்தில் ஆரம்பிப்பார். இவர் பிடிப்பார் என்கிற நம்பிக்கை இருந்தால்தான் அதைச் செய்ய முடியும். நம்பிக்கை இல்லாத மேடையில் யாரும் பத்திரமான கணக்கைத் தாண்டிப் போகமாட்டார்கள், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிருதங்கக்காரரைப் பற்றி ரசிகர்கள் சொல்கிற மிக உயர்ந்த பாராட்டு ‘பாட்டுக்கு வாசிக்கிறார்’ என்பது. ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுகிற சங்கதி ஏறும்போது கூட ஏறி, சரணத்தில் சொல் முக்கியமாக வரும்போது கையை அடக்கி, அருதி (முடிப்புச் சொற்கட்டு) வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, சில இடங்களில் ஒன்றுமே வாசிக்காமல் இருந்து. கூட்டு வேலையில் சும்மா இருக்கத் தெரிவது பெரிய வித்தை. மற்றவர் பேசும்போது நாம் பேசாமல் இருப்பது என்கிற மரியாதை மட்டுமல்ல அது, எங்கே நாம் இல்லாமல் இருந்தால் பாட்டு நன்றாக இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்து யாருக்கும் குறுக்குவழி கிடைத்ததில்லை.

முன்பின் பழக்கமில்லாத மூன்று பேர் ஒரு மேடையில் ஏறி, என்ன பாட்டு என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல் இரண்டரை மணி நேரம் இப்படி வாசிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற கட்டுப்பாடு. சுருதி ஒன்று, தாளம் ஒன்று, ராகத்தின் எல்லை எல்லாருக்கும் தெரியும். கச்சேரியின் வரிசையும் ஓரளவு தெரியும்: வர்ணம், விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், விஸ்தாரமாக ஒரு முக்கிய உருப்படி, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிக்கிற இடம்), நேரமிருந்தால் ராகம் தானம் பல்லவி (ராகத்தையும் ஒரு பல்லவி வரியையும் விரிவாகப் பாடுவது), கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்ன உருப்படிகள். இந்த வரிசைக்கு உருவம் கொடுத்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்வார்கள். அதில் பக்கவாத்தியக்காரர்களுக்கு எப்போது இடம் என்பதும் தெளிவாகிவிட்டது. கட்டுப்பாடு இருந்தால் கற்பனை குறையும் என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட எல்லை இல்லாத இடத்தில்தான் உண்மையில் ஒருவரும் நகர முடியாமல் போகிறது. அங்கே முன்கூட்டியே எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, இந்தக் கூட்டு ஆதியிலிருந்தே இப்படி இருந்ததா? இல்லை. வயலின் நம் சங்கீதத்துக்கு வந்து இருநூறு வருஷம்தான் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வர் என்கிற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதில் பெரிய வித்வானாகி, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் வாசித்தார். நின்றுகொண்டு, தோளில் சாய்த்து வாசிக்கிற வாத்தியத்தை இங்கே உட்கார்ந்து, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். அதனால் இடது கைக்குப் பாரம் போய்விட்டது, ஸ்வரத்தை அசைக்கிற கமகத்துக்கு விரல் தாராளமாக மேலும் கீழும் ஓட முடிந்தது. பாடகரோடு ஒட்டிப் போக வேண்டும் என்கிற தேவை வாத்தியம் பிடிக்கிற விதத்தையே மாற்றியது. மைக் பரவாத காலத்தில் பெரிய சபையில் குரலுக்கு ஈடாக வயலின் கேட்க வேண்டும் என்று வயலின் வித்வான் மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினை உண்டாக்கினார். கூட இருப்பவருக்காக வாத்தியத்தைத் திருத்திக்கொள்வது என்பது இந்தக் கலையில் புதிதில்லை.

கூட இருப்பவருக்காகத் தன்னையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் (1930–2013) இதற்கு நல்ல உதாரணம். அரியக்குடிக்கு வாசித்தார், செம்மங்குடிக்கு வாசித்தார், ஜி.என்.பாலசுப்ரமணியத்துக்கு வாசித்தார், மதுரை மணி ஐயருக்கு வாசித்தார். இவர்களில் ஒருவர் மாதிரி இன்னொருவர் பாடமாட்டார். அரியக்குடியின் மத்யமகால ஓட்டத்துக்கு வேண்டியது ஒரு வில். ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் பிருகாக்களுக்கு (வேகமாக உருளும் ஸ்வரங்களுக்கு) வேண்டியது வேறு விரல். மதுரை மணி ஐயர் தாளத்தின் இயல்பான ஓட்டமான சர்வலகுவில் ஸ்வரங்களைக் கோர்த்துக்கொண்டே போகும்போது பதில் சொல்ல வேறு மனநிலை வேண்டும். பின்னால் அவர் தனிக் கச்சேரியில் வாசித்தபோது வயலின் பாடுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். பல வருஷம் இத்தனை குரல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் கணிப்பு. அவருடைய வர்ணங்களையும் தில்லானாக்களையும் கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். அது ஒருவரின் முத்திரைதான். ஆனால் அந்த முத்திரை உருவானது மற்றவர்களோடு இருந்த இடத்தில்.

ஆலத்தூர் சகோதரர்கள் என்கிற பாடகர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர்தான் சகோதரர்கள், கூடப் பிறந்தவர்கள் அல்ல. ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மகன் சிவசுப்ரமணிய ஐயர்; வெங்கடேச ஐயரிடம் மாணவராக வந்தவர் ஸ்ரீநிவாச ஐயர். இரண்டு பேரும் ஒரே இடத்தில் கற்று, ஒன்றாகவே மேடையேறி, லயத்தில் கடினமான பல்லவிகளுக்குப் பெயர் வாங்கினார்கள். அப்படிப்பட்ட பல்லவியைப் பாட, எதிரே பாலக்காடு மணி ஐயரோ பழனி சுப்ரமணிய பிள்ளையோ மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நால்வரும் கணக்கில் புலிகள். பல்லவி அவ்வளவு கடினமாக வளர்ந்ததற்குப் பாடகர்களின் புத்தி மட்டுமா காரணம்? வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது.

இதெல்லாம் சொல்லும்போது எல்லாம் அன்பும் அனுசரணையுமாக நடந்தது போலத் தோன்றிவிடக் கூடாது. மேடையில் மோதல்கள் நடந்திருக்கின்றன, மட்டம் தட்டுவது நடந்திருக்கிறது. பாடகர் வேண்டுமென்றே வயலினுக்கு வராத கணக்கைப் போடுவது, மிருதங்கம் பாட்டை அமுக்குவது, எல்லாம் உண்டு. சில சமயம் போட்டியால் சங்கீதம் உயர்ந்தும் இருக்கிறது. ஆனால் எதிராளியைக் கவிழ்ப்பதற்காக வாசித்த கச்சேரியை இரண்டாம் முறை கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

பழனி சுப்ரமணிய பிள்ளை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இடது கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை (உயர்ந்த நாதம் தருகிற முகம்) சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது வழக்கம். வலது கைக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால் அது தானாக அமையும். இடது கைக்காரருக்கு அமைய வேண்டுமானால் அவர் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். மாற மனமில்லாத வயலின்காரர்கள் இருந்தார்கள். இவ்வளவு பெரிய கைக்கு இந்த ஒரு காரணத்தால் கச்சேரிகள் குறைந்தன. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) அவர் பக்கம் நின்றார், இடத்தை மாற்றி உட்கார வைத்துத் தன் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். இளம் வயது பாலக்காடு மணி ஐயருக்கும் கைகொடுத்தவர் அவரேதான். பக்கத்தில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம் மெயின் ஆர்ட்டிஸ்டிடம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைச் செம்பை பயன்படுத்திய விதத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பெண்களுக்கு இந்தக் கதவு இன்னும் தாமதமாகத்தான் திறந்தது. பெண் பாடகிகளுக்கு வாசிப்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருந்த முன்னணி மிருதங்க வித்வான்கள் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயரே நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார், பிறகு டி.கே.பட்டம்மாளுக்கு வாசித்தார். ராகம் தானம் பல்லவியை அநாயாசமாகப் பாடியவர் பட்டம்மாள். அவருடைய லயத்துக்கு அந்த மிருதங்கம் முன்பே கிடைத்திருந்தால் இன்னும் என்னென்ன கேட்டிருப்போமோ என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. பெண் வாத்தியக்காரர்களை ஒதுக்கியதும் இதே கணக்கில்தான் சேரும். யாரோடு உட்காரமாட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது நஷ்டம் ஒதுக்கப்பட்டவருக்கு மட்டும் இல்லை, இசைக்கும்தான்.

மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாகச் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதற்கு முன்னால் எத்தனையோ மகத்தான கைகள் வந்து போய்விட்டன. அந்தப் பெருமைக்குப் பின்னால் இன்னும் ஒரு கை இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவது இன்னும் குறைவு: மிருதங்கத்தைச் செய்கிற கை.

பலாமரத்துக் கட்டை, பசு, ஆடு, எருமை என்று மூன்று விதத் தோல், இருபக்கமும் இழுத்துக் கட்டுகிற வார். வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அது கல்லை இடித்து அரைத்த பொடியைச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, கல்லால் தேய்த்து, மறுபடியும் வைத்து, மறுபடியும் தேய்த்து உருவாவது. ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிக் கேட்க வேண்டும். ஒரு பூச்சு அதிகமானால் நாதம் செத்துவிடும். தோல் எந்த மாட்டுடையது, எவ்வளவு வயசு, எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்று பார்வையிலும் விரலிலும் தெரிய வேண்டும். ஆண் குரலின் தணிந்த சுருதிக்கு இருபத்துநாலு அங்குலக் கட்டை, பெண் குரலின் உயர்ந்த சுருதிக்கு இருபத்திரண்டு அங்குலம் என்று வேறுபாடும் உண்டு. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. மணி ஐயர் சும்மா ஒரு மிருதங்கத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் அல்ல. இந்த நாதம் வேண்டும், அந்த மீட்டில் (விரல் அடியில்) இன்னும் நீளம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். அதைக் காதில் வாங்கி, தோலிலும் சோற்றிலும் செய்து பார்த்து, இல்லை இப்படிப் பண்ணலாம் என்று பதில் சொன்னவர் பர்லாந்து. காம்போதியில் பாடகருக்கும் வயலினுக்கும் நடுவில் நடந்ததாகச் சொன்னேனே, அதேதான் இங்கேயும் நடந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், பர்லாந்தின் பெயர் எந்தக் கச்சேரி நோட்டீஸிலும் வந்ததில்லை. சாதி அதைத் தடுத்தது. மேடையில் இருக்கிறவர்களிடம் கூட்டின் பெருமையைப் பேசிவிட்டு, தோலைத் தொட்டவரை வாசலில் நிறுத்தியது நம் சங்கீத உலகம். இதைச் சொல்லாமல் கூட்டுப் படைப்பைப் பற்றிப் பேச எனக்கு மனசு ஒப்பவில்லை.

நீங்கள் பாடுகிற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளின் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, எழுதினார். அவற்றுக்கு இசை அமைத்தவர்கள் அவருடைய மாணவர்கள், சட்டநாதபுரம் கோதண்டராமையரும் வெங்கட்டராமையரும். இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி அவற்றில் சிலவற்றை எடுத்து, வேறு ராகத்தில் அமைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்களுக்கு ராகம் போட்டவரும் அவர்தான். ஆண்டாளுக்கும் அரியக்குடிக்கும் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. மார்கழி காலையில் நாம் பாடுவது அந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. நீங்கள் அறையில் தனியாக உட்கார்ந்து பாடும்போதுகூட இத்தனை பேர் கூட இருக்கிறார்கள்.

எல்லாக் கூட்டும் நல்லதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பிரபலங்களை ஒரு மேடையில் ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்து, கடைசியில் எல்லாரும் வேகமாக வாசித்து முடிக்கிற நிகழ்ச்சிகள் நிறைய நடக்கின்றன. கைத்தட்டல் பலமாக இருக்கும். அங்கே ஒருவர் வாசித்ததால் இன்னொருவர் வாசிப்பு மாறியதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இருக்காது. ஒருவர் முறை முடியும்வரை மற்றவர் காத்துக்கொண்டு இருப்பார், அவ்வளவுதான். அதைக் கூட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். கவனம் சிதறுகிறது என்றீர்கள். அதற்குப் பாதிக் காரணம் வெறும் சத்தமாக இருக்கலாம். இன்றைய சபாக்களில் மைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரும் போடுகிற சத்தத்தில் பாடுகிறவருக்குத் தன் குரலும் மிருதங்கமும்தான் கேட்கும், வயலின் பாதி கேட்காது. கேட்காத ஒருவரோடு எப்படிச் சேர்ந்து படைப்பது? பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் மைக் இல்லாத கச்சேரியையே விரும்பினார். நாதத்தின் சுத்தத்துக்காக என்று சொல்வார்கள். ஒருவரை ஒருவர் கேட்பதற்கும் அதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

மீதிப் பாதிக்கு மருந்து பழக்கம். வயலின் கற்கிற ஒருவரையும் மிருதங்கம் கற்கிற ஒருவரையும், உங்கள் வயசுக்காரர்களாகவே, பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் ஏதாவது ஒரு வீட்டில் உட்காருங்கள். கச்சேரிக்கான ஒத்திகையாக வேண்டாம். ஒரு ராகத்தை எடுத்து, முதலில் வயலினை ஆலாபனை செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்தொடர்ந்து பாருங்கள். எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் புரியும், மேடையில் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். மிருதங்கக்காரரோடு ஒருநாள் பாட்டே பாடாமல் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அவருடைய மிருதங்கத்துக்கு மூட்டு (தோல் முகப்பு) மாற்றப் போகும்போது கூடப் போங்கள். செய்கிறவரிடம் உங்கள் சுருதி இன்னது என்று நேரில் சொல்லி, அவர் தட்டிக் காட்டுவதைக் கேளுங்கள். மேடையில் வயலின் வாசிக்கும்போது அடுத்த பாட்டின் தாளை எடுத்துப் பார்க்காதீர்கள், அவரைக் கேளுங்கள். அவர் வாசித்ததில் ஏதாவது பிடித்திருந்தால் தலையசைப்பதோடு நிறுத்தாமல் அடுத்த சுற்றில் அதை எடுத்துப் பாடுங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது நீங்கள் தாளத்தைச் சுத்தமாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷமும் பக்கவாத்தியம் நீங்கள்தான்.

அடுத்த கச்சேரிக்கு முன்னால் சவுண்டு பார்க்கிறவரிடம் போய், உங்கள் மானிட்டரில் முதலில் தம்புராவையும் அதற்கு அடுத்தபடியாக வயலினையும் நன்றாகக் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் குரலைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை.